திமிங்கிலமும் மனிதனும்

மனிதன் பழக்கி வீட்டிற் சேர்த்த விலங்குகள் மிகச் சில. அவன் அஞ்சி ஒதுங்கிய விலங்குகள் பல. வேட்டையாடிய விலங்குகளோ எண்ணில. ஆயினும், வேடன் தான் வேட்டையாடும் விலங்கை ஓரளவேனும் அறிந்திருப்பது உலக வழக்கு. யானை நடக்கும் தடமும், மான் நீர் அருந்தும் துறையும், பன்றி படுக்கும் புதரும் அவனுக்குத் தெரியும். இவ்வழக்கிற்குப் புறம்பாய் நின்றது திமிங்கிலம். மூச்சு விடுவதற்கு மேலெழும் சில கணங்கள் தவிர, தன் வாழ்நாள் முழுவதையும் அது மனிதன் கண்ணுக்கு எட்டாத நீரிற் கழிக்கின்றது. அதன் முதுகையும் மூச்சையும் மட்டுமே கண்ட மனிதன், அதன் இயல்பை அறியுமுன்னரே அதனை விலைப்பொருளாக்கி விட்டான். விலை தெரிந்த பின் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகள் கழிந்தே அதன் குரல் அவனுக்குத் தெரிய வந்தது. அந்தத் தொள்ளாயிரம் ஆண்டுகளின் கதை, மனிதனுக்கும் காட்டுயிர்களுக்கும் இடையேயுள்ள உறவு முழுவதையும் சுருக்கிக் காட்டும் கண்ணாடி எனலாம்.

பண்டை மக்கள் திமிங்கிலத்தை வியப்போடு நோக்கினர். ‘திமி’ என்பது பெருமீன். அதனை விழுங்குவது ‘திமிங்கிலம்’. அத்திமிங்கிலத்தையும் விழுங்குவது ‘திமிங்கிலகிலம்’ என்று பழைய நூல்கள் பெயரிட்டுச் சென்றன. சொல்லிலேயே அச்சமும் வியப்பும் கலந்திருத்தலைக் காணலாம். வியட்நாம் நாட்டுக் கரையோர மீனவர் இன்றும் திமிங்கிலத்தைக் கடலிற் காக்கும் தெய்வமாகக் கொண்டு, கரையொதுங்கி இறந்த திமிங்கிலத்திற்கு ஈமக்கடன் செய்து, அதன் எலும்புகளைக் கோயிலில் வைத்து வழிபடுகின்றனர். கிரேக்க அறிஞரான அரிஸ்டோட்டிலோ, இவ்வினம் காற்றைச் சுவாசிப்பது, குட்டி ஈன்று பாலூட்டுவது என்பவற்றை இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்தார். வியப்பும் வழிபாடும் ஆராய்ச்சியும் ஆகிய மூன்று வழிகளும் திறந்தே இருந்தன. வாணிகம் நான்காவது வழியைத் திறந்தது.

ஐரோப்பாவில் திமிங்கில வேட்டையை ஒரு தொழிலாக முதலில் வளர்த்தவர், ஸ்பானியாவுக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட பிஸ்கே வளைகுடாவை அடுத்து வாழும் பாஸ்கு மக்களாவர். பதினோராம் நூற்றாண்டளவில் அவர்கள் கரையிற் காவற் கோபுரம் எழுப்பி, திமிங்கிலத்தின் மூச்சு நீரில் தோன்றியதும் படகேறிச் சென்று எறியீட்டியால் தாக்கினர். அவர்கள் நாடிய இனம் மெதுவாக நீந்தும், கரையருகே வரும், இறந்த பின் மிதக்கும், கொழுப்பு மிகுதியாகத் தரும். ஆங்கிலேயர் அவ்வினத்துக்கு இட்ட பெயரின் பொருள், ‘கொல்வதற்கு உரிய திமிங்கிலம்’ என்பதே எனக் கூறுவர். ஓர் உயிரின் பெயரே அதன் மரண ஓலையாக அமைந்தமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

தம் கரையிலே திமிங்கிலம் அரிதானதும் பாஸ்கு மக்கள் அத்திலாந்திக் பெருங்கடலைக் கடந்தனர். பதினாறாம் நூற்றாண்டில் கனடா நாட்டு லாபிரடோர்க் கரையிலுள்ள செங்குடா என்னுமிடத்தில் பெரும் உலைகள் அமைத்துக் கொழுப்பை உருக்கினர். 1565-ஆம் ஆண்டில் அங்கு மூழ்கிய அவர்களுடைய கப்பலொன்று 1978-ஆம் ஆண்டிற் கடலடியிற் கண்டெடுக்கப்பட்டது. அடுத்த நூற்றாண்டில் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வடமுனையை அண்டிய ஸ்பிற்ஸ்பேர்கன் தீவுகளுக்குச் சென்றனர். அங்கே ஒல்லாந்தர் அமைத்த குடியிருப்புக்குக் ‘கொழுப்பு நகர்’ என்ற பொருள்பட ‘ஸ்மீரன்பேர்க்’ எனப் பெயரிட்டனர். சில தலைமுறைகளுள் அத்தீவுகளைச் சுற்றிய கடலில் திமிங்கிலம் அற்றது, நகரும் பாழாயிற்று. ஒரு கடல் வறண்டால் மறு கடல், ஓர் இனம் ஒழிந்தால் மறு இனம் என்னும் இந்த ஒழுங்கே பின்வந்த நூற்றாண்டுகள் அனைத்திலும் தொடர்ந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் நான்டக்கெற் தீவினர் ஆழ்கடலுக்குச் சென்று, எண்ணெய்த் திமிங்கிலம் என்னும் இனத்தைத் தேடினர். சதுரமான பெருந்தலையும் கீழ்த்தாடைப் பற்களும் உடைய இவ்வினத்தின் தலையிலே மெழுகு போன்ற ஒரு பொருள் நிறைந்திருக்கும். அதனாற் செய்த மெழுகுதிரி, புகையும் நாற்றமும் இன்றித் தூய ஒளி தந்தது. பிற்காலத்தில் இங்கிலாந்திலே ஒளியின் அளவையே இம்மெழுகுதிரியைக் கொண்டு சட்டத்தால் வரையறுத்தனர். இயந்திரங்களுக்கு இடும் எண்ணெயும், வீதி விளக்குகளில் எரியும் எண்ணெயும், சீமாட்டிகள் அணிந்த இடைக்கச்சுக்கு வேண்டிய வளையும் தகடுகளும் கடலினின்றே வந்தன. 1846-ஆம் ஆண்டளவில் எழுநூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்கக் கப்பல்கள் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தன. அக்கப்பல்களில் உழைத்தோர் பட்ட துன்பமும் சிறிதன்று. 1820-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள், பசிபிக் பெருங்கடலில் ‘எசெக்ஸ்’ என்னும் கப்பலை எண்ணெய்த் திமிங்கிலம் ஒன்று தலையால் மோதி உடைத்தது. அக்கப்பலில் இருந்த இருபதின்மரில் எண்மரே உயிர் மீண்டனர். ஹேர்மன் மெல்வில் 1851-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மோபி டிக்’ நவீனத்துக்கு இந்நிகழ்ச்சி தூண்டுதலாயிற்று.

அக்காலத்து மனிதர் திமிங்கிலத்தை எக்கண்கொண்டு நோக்கினர் என்பதை விளக்க, நியூயோர்க் நகரில் 1818-ஆம் ஆண்டு நடந்த வழக்கொன்று போதும். மீன் எண்ணெய் விற்போர் அதனை அரசாங்க அலுவலரின் பரிசோதனைக்கு உட்படுத்திக் கட்டணம் செலுத்தல் வேண்டும் என்பது அம்மாநில விதி. வணிகர் ஒருவர், திமிங்கில எண்ணெய் மீன் எண்ணெய் அன்று என மறுத்தார். எனவே, திமிங்கிலம் மீனா, அன்றா என்பதே நீதிமன்றத்தின் முன் எழுந்த வினாவாயிற்று. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1758-ஆம் ஆண்டிலேயே திமிங்கிலத்தைப் பாலூட்டிகளின் வரிசையிற் சேர்த்திருந்தார். அதனை எடுத்துக்காட்டி, அந்நகரின் பெயர்பெற்ற அறிஞரான சாமுவேல் மிச்சில் சாட்சியம் அளித்தார். சான்றாயர் அதனை ஏற்கவில்லை. திமிங்கிலம் மீனே எனத் தீர்ப்பளித்தனர். ஈண்டுக் கருதத்தக்கது அத்தீர்ப்பின் பிழையன்று. திமிங்கிலம் எத்தகைய உயிர் என்னும் வினாவே ஒரு பீப்பாய் எண்ணெயின் கட்டணத்தை முன்னிட்டுத்தான் எழுந்தது என்பதே கருதத்தக்கது.

1859-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் என்பவர் தோண்டிய கிணற்றிலிருந்து பெற்றோலியம் பெருகியது. மண்ணெண்ணெய் வந்ததும் திமிங்கிலம் பிழைத்தது எனப் பலர் கருதுவர். வரலாறு அதற்கு மாறாகவே பேசுகின்றது. விளக்கெண்ணெய்ச் சந்தை வீழ்ந்தது உண்மையே. ஆயின் அதன் பின்னரே பேரழிவு தொடங்கியது. நோர்வே நாட்டவரான சுவென் பொயின் 1860-களில், நீராவியால் இயங்கும் வேட்டைக் கப்பலைக் கட்டினார். நுனியில் வெடிகுண்டு பொருத்திய எறியீட்டியைப் பீரங்கியாற் செலுத்தும் முறையை உருவாக்கி 1870-ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். அதுகாறும் விரைவாக நீந்துவதாலும் இறந்ததும் மூழ்குவதாலும் தப்பி வந்த நீலத் திமிங்கிலமும் துடுப்புத் திமிங்கிலமும் இனித் தப்ப வழியில்லாதனவாயின. கொன்ற உடலினுட் காற்றைச் செலுத்தி மிதக்க வைக்கும் உபாயமும் வந்து சேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரசாயனவியல் மற்றொரு கதவைத் திறந்தது. திரவ எண்ணெயைத் திண்மக் கொழுப்பாக்கும் முறை கைவந்ததும், திமிங்கில எண்ணெய் சவர்க்காரமாகவும் மாஜரினாகவும் வீடுதோறும் புகுந்தது. அதிலிருந்து பிரித்த கிளிசரின் முதல் உலகப் போரில் வெடிமருந்தாயிற்று. 1904-ஆம் ஆண்டில் நோர்வேக் கப்பற்றலைவர் லார்சன், தென்முனைக் கடலிலுள்ள தென் ஜோர்ஜியாத் தீவில் கிறிற்விக்கன் என்னும் நிலையத்தை நிறுவினார். 1925-ஆம் ஆண்டில் ‘லான்சிங்’ என்னும் கப்பல், பின்புறச் சாய்தளத்தின் வழியே முழுத் திமிங்கிலத்தையும் தன் தளத்துக்கு இழுத்தேற்றும் அமைப்புடன் புறப்பட்டது. தொழிற்சாலையே கடலில் மிதக்கத் தொடங்கியதும், கரைக்கு உரிய அரசின் கட்டுப்பாடும் அற்றது. 1930–31 வேட்டைப் பருவம் ஒன்றில் மட்டும் இருபத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் தென்முனைக் கடலிற் கொல்லப்பட்டன. முப்பது மீற்றர் வரை வளரவல்லதும், உலகில் இதுவரை வாழ்ந்த விலங்குகள் யாவற்றினும் பெரியது எனப்படுவதும், கூனி இறாலையொத்த ‘கிறில்’ என்னும் சிற்றுயிரை உண்டே வாழ்வதும் ஆகிய விலங்கு அது. மறு பருவத்தில் நோர்வேக் கப்பல்கள் பல துறைமுகத்திலே தங்கின. இரக்கத்தினால் அன்று, எண்ணெய் தேங்கி விலை வீழ்ந்தமையால்.

வேட்டையை ஒழுங்குபடுத்தும் முயற்சி நடவாமலில்லை. 1931-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை எழுந்தது. 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் வாஷிங்டனில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழி அனைத்துலகத் திமிங்கில ஆணைக்குழு தோன்றியது. திமிங்கிலத்தைப் பேணுதலும், அதனாலே திமிங்கிலத் தொழிலை ஒழுங்காக வளர்த்தலும் அதன் நோக்கங்களாகக் கூறப்பட்டன. ஆணைக்குழு கையாண்ட அளவுகோலை நோக்குக: ஒரு நீலத் திமிங்கிலம், இரண்டு துடுப்புத் திமிங்கிலங்களுக்குச் சமம், இரண்டரைக் கூன்முதுகுத் திமிங்கிலங்களுக்குச் சமம், ஆறு சேய்த் திமிங்கிலங்களுக்குச் சமம். இச்சமன்பாடு எதனைக் கொண்டு எழுந்தது? கிடைக்கும் எண்ணெயைக் கொண்டே எழுந்தது. எந்த இனம் பெருகுகின்றது, எந்த இனம் அருகுகின்றது என்பதை அக்கணக்குக் காட்டவில்லை. ஆண்டுக்குப் பதினாறாயிரம் அலகு என்னும் எல்லை முடியுமுன் தாம் மிகுதியாகப் பெறல் வேண்டும் எனக் கப்பல்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. இலாபம் மிகுந்த நீலத் திமிங்கிலமே முதலில் தேடப்பட்டது. 1960-களின் நடுப்பகுதியில் அதனைக் கொல்லுதல் தடை செய்யப்பட்டபோது, தென்முனைக் கடலில் முன்பிருந்த தொகையில் நூற்றில் ஒரு பங்கும் எஞ்சவில்லை.

கொடுத்த கணக்கேனும் மெய்யாக இருந்ததா எனின், அதுவும் இல்லை. 1947 முதல் 1973 வரை தென்பாதிக் கடல்களில் 2,710 கூன்முதுகுத் திமிங்கிலங்களையே பிடித்ததாகச் சோவியத்து ஒன்றியம் ஆணைக்குழுவுக்கு அறிவித்தது. மெய்யாகப் பிடித்த தொகை நாற்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்டது. சோவியத்து ஆட்சி முடிந்தபின், 1993-ஆம் ஆண்டில் உருசிய விஞ்ஞானி அலெக்சி யாப்லொகொவ் இப்பொய்க் கணக்கை உலகறியச் செய்தார். அரபிக் கடலிலே ஆண்டு முழுவதும் தங்கி வாழும் சிறு கூன்முதுகுத் திமிங்கிலக் கூட்டமும் 1960-களில் இக்கப்பல்களுக்கு இரையாயிற்று. திட்டம் இட்ட எண்ணிக்கையை நிறைவேற்றுதலே இவ்வேட்டையின் குறிக்கோளாக இருந்தது. கிடைத்த உடல்கள் பல வீணாயின. தனியார் இலாபம் ஒருபுறமும் அரசின் இலக்கம் மறுபுறமும் நின்று செய்த அழிவில் வேறுபாடு காண்டல் அரிது. இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் கொல்லப்பட்ட பெருந்திமிங்கிலங்கள் ஏறத்தாழ இருபத்தொன்பது இலட்சம் என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர்.

இந்நிலையிலேதான் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு மாற்றம் வந்தது. அமெரிக்கக் கடற்படையின் பணிக்காகப் பெர்மியூடாத் தீவின் அருகே நீருக்கடியில் ஒலிவாங்கிகள் அமைக்கப்பட்டிருந்தன. அங்குப் பணியாற்றிய பிராங் வோட்லிங்டன் என்னும் பொறியியலாளர், அவற்றில் விழுந்த விநோதமான ஓசைகளை ஒலிநாடாவிற் பதிவு செய்து வைத்தார். அவை கூன்முதுகுத் திமிங்கிலங்களின் குரல்கள். 1967-ஆம் ஆண்டில் உயிரியலறிஞர் ரொஜர் பெயினும் அவர்தம் துணைவியார் கேற்றி பெயினும் அந்நாடாக்களைக் கேட்டனர். ரொஜர் பெயினும் ஸ்கொற் மக்வே என்னும் ஆய்வாளரும் அவற்றை ஆராய்ந்து, அவ்வோசை சிதறிய கூச்சலன்று, வரிசை மாறாது மீண்டும் மீண்டும் வரும் பாட்டு என 1971-ஆம் ஆண்டில் எழுதினர். ஒரு கடலில் வாழும் ஆண் திமிங்கிலங்கள் ஒரே பாட்டைப் பாடுகின்றன என்பதும், அப்பாட்டு ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக மாறுகின்றது என்பதும் பின்னர்ப் புலனாயின. 1970-ஆம் ஆண்டில் இக்குரல்கள் இசைத்தட்டாக வெளிவந்தன. கடலையே காணாத மக்கள் கூடத் தம் வீட்டிலிருந்து அவற்றைக் கேட்டனர். 1977-ஆம் ஆண்டில் விண்வெளிக்கு ஏவப்பட்ட ‘வொயேஜர்’ கலங்களில் வைத்த இசைத்தட்டிலும், மனிதர் கூறிய வாழ்த்துரைகளோடு இத்திமிங்கிலத்தின் குரலும் இடம்பெற்றது.

பாட்டு ஒன்றே திமிங்கிலத்தைக் காத்தது எனக் கூறின் அது கதையாகும்; வரலாறாகாது. அக்காலத்தில் திமிங்கிலம் அருகிவிட்டது. தாவர எண்ணெய் மலிந்துவிட்டது. பெரும்பாலான நாடுகள் இலாபமின்மையால் முன்னரே தொழிலைக் கைவிட்டிருந்தன. எனினும், ‘இவ்வளவு கொல்லலாம்’ என்னும் கணக்கிலிருந்து ‘கொல்லலாமா?’ என்னும் வினாவுக்கு உலகத்தாரின் மனம் திரும்பியது. அதற்குத் துணை செய்தது அக்குரலே. எண்ணெயின் அளவை அறிந்தோர் அத்தனை ஆண்டுகளாகக் கேளாத வினா அது. 1972-ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோமிற் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு, பத்தாண்டு காலம் வேட்டையை நிறுத்துமாறு வேண்டியது. 1982-ஆம் ஆண்டில் ஆணைக்குழு, வாணிக வேட்டையை நிறுத்தும் தீர்மானத்தை 25 வாக்குகளால் நிறைவேற்றியது; எதிர்த்தவை 7, வாக்களியாதவை 5. 1985–86 பருவத்திலிருந்து தடை நடைமுறைக்கு வந்தது. நோர்வே அதனை ஏற்காது வேட்டையைத் தொடர்கின்றது. ஜப்பான் 2019-ஆம் ஆண்டில் ஆணைக்குழுவினின்றும் விலகித் தன் கடலில் வாணிக வேட்டையை மீண்டும் தொடங்கியது. ஆயினும், பெருங்கடல்களிற் பெருங்கப்பற் கூட்டங்கள் திரிந்த காலம் முடிவுற்றது.

தடையின் பயன் கண்கூடு. தென்னமெரிக்காவின் கீழ்க்கரைக் கடலில் 1950-களில் ஏறத்தாழ 450 ஆகக் குறைந்திருந்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள், 2019-ஆம் ஆண்டளவில் 25,000 வரை பெருகியிருந்தன என மதிப்பிட்டனர். அலாஸ்காவின் பூர்வீக மக்களுக்கு, தம் உணவுத் தேவையளவிற்கு வில்தலைத் திமிங்கிலத்தைப் பிடிக்கும் உரிமை உண்டு. 2007-ஆம் ஆண்டில் அவர்கள் பிடித்த திமிங்கிலம் ஒன்றின் உடலிலே பழைய வெடியீட்டியின் துண்டு கிடந்தது. அது 1880-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நியூ பெட்போட் துறைமுகத்திற் செய்யப்பட்டது. அவ்வுயிர் அதனைச் சுமந்துகொண்டு நூற்றாண்டுக்கு மேல் நீந்தியது. கிறிற்விக்கன் எழுந்ததும் வீழ்ந்ததும், இரண்டு உலகப் போர்கள் மூண்டதும் ஓய்ந்ததும், தடை பிறந்ததும் அந்த ஒரு திமிங்கிலத்தின் வாழ்நாளுக்குள்ளே அடங்கின.

இவ்வரலாற்றில் இலங்கைக் கடலுக்கும் ஓர் இடம் உண்டு. 1979-ஆம் ஆண்டில் சீசெல்சு என்னும் சிறு தீவு நாட்டின் முன்மொழிவினால் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் பின்னர், உயிருள்ள திமிங்கிலத்தைக் கொல்லாது ஆராயும் பொருட்டு ‘டியூலிப்’ என்னும் சிறு பாய்க்கப்பல் 1982 முதல் 1984 வரை இக்கடல்களிற் பயணம் செய்தது. ஹால் வைற்ஹெட் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் திருகோணமலையை அடுத்த ஆழ்கடலில், ஒலிவாங்கியை நீரில் இறக்கி, எண்ணெய்த் திமிங்கிலங்கள் எழுப்பும் ‘டிக் டிக்’ என்னும் ஓசையைக் கேட்டுக் கேட்டே அவற்றைப் பின்தொடர்ந்தனர். முன்னைய மாலுமிகள் மூச்சைக் கண்டு ஈட்டியோடு விரைந்தனர். இவர்கள் ஓசையைக் கேட்டு ஏட்டோடு சென்றனர். திமிங்கிலத்தை அணுகிய இரண்டு முறைகளின் வேறுபாடு அவ்வளவே.

எனினும், கொல்லும் கருத்தின்றியும் கொலை நிகழும் என்பதை இதே கடல் உணர்த்துகின்றது. தேவேந்திரமுனைக்குத் தெற்கே, கீழைநாடுகளையும் மேலைநாடுகளையும் இணைக்கும் பெருங்கப்பற் பாதை செல்கின்றது. நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் இடமும் அதுவே. குளிர்கடலுக்குச் செல்லாது ஆண்டின் பெரும்பகுதியும் இச்சூடான கடலிலேயே தங்கும் இவற்றின் இயல்பை ஆராய்ந்தவருள் இலங்கை விஞ்ஞானி ஆஷா டி வொஸ் குறிப்பிடத்தக்கவர். கப்பல்கள் மோதி இத்திமிங்கிலங்கள் இறக்கின்றன. பாதையைச் சில கடல் மைல் தெற்கே நகர்த்தினால் ஆபத்துப் பெரிதும் குறையும் என ஆய்வாளர் பல்லாண்டுகளாக வற்புறுத்தினர். 2022-ஆம் ஆண்டில் உலகின் பெருங்கப்பல் நிறுவனங்களுள் ஒன்று தன் கப்பல்களை அவ்வாறு தெற்கே திருப்பிச் செலுத்தத் தொடங்கியது.

ஆகவே, திமிங்கிலம் பிழைத்த கதையை மனித இரக்கத்தின் வெற்றியென்று மட்டும் பாராட்டுதல் பொருந்தாது. அரிஸ்டோட்டில் எழுதியதும் லின்னேயசு வகுத்ததும் ஏட்டில் இருந்தன. அவற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டிய காலத்தில் மனிதன் பீப்பாயை அளந்துகொண்டிருந்தான். காட்டுயிர் ஒன்றை அழிப்பதற்கு அதன் விலையை அறிந்தாற் போதும். காப்பதற்கு அதன் வாழ்வை அறிதல் வேண்டும். முன்னதற்குச் சில நாட்கள் போதுமாயின. பின்னதற்குத் தொள்ளாயிரம் ஆண்டுகள் சென்றன. திமிங்கிலம் அத்தனை காலம் பொறுத்திருக்கும் அளவு பரந்த கடலைப் பெற்றிருந்தது. சிறு காட்டிலும் சிறு குளத்திலும் வாழும் உயிர்களுக்கு அவ்வளவு கால அவகாசம் வாய்ப்பதில்லை.